முகவரிக்குப் பெயர் சொல்வது யார்?

பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான உறவைப் பற்றிய தத்துவ விசாரணை பெரும்பாலும் ஒரே திசையில்தான் நடந்திருக்கிறது. ஒரு பெயர் சொல்லப்பட்டதும் கேட்பவரின் அறிவு எந்தப் பொருளைச் சென்று சேர்கிறது, ஏன் அதை மட்டும் சேர்கிறது, அந்தத் தொடர்பு இயல்பாக அமைந்ததா அல்லது எவரோ இட்டதா என்பனவே அதன் வினாக்கள். அத்தொடர்பை எவரும் ஆக்கவில்லை, அது என்றும் உள்ளது என்று மீமாம்சகர் கொண்டனர். நியாய மரபினரோ, இச்சொல்லால் இப்பொருளை அறிக என்னும் ஏற்பாட்டுக்கு அப்பால் அதில் வேறொன்றும் இல்லை என்றனர். பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுக்கும் நன்னூலும் இதே திசையில்தான் நிற்கிறது. ஐரோப்பாவில் 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில், இயற்பெயர் பொருளைச் சுட்டுவதன்றி அதன் பண்பு எதையும் உணர்த்தாது என்று எழுதினார். 1892இல் கோட்லோப் பிரேகே, ஒரே பொருளைச் சுட்டும் இரு பெயர்கள் அதை வெவ்வேறு முறையில் காட்டக்கூடும் என்றார். 1970இல் பிரின்ஸ்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் சால் கிரிப்கி, முதலில் இடப்பட்ட பெயர் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறி வரும் சங்கிலியே அப்பெயரை அதன் பொருளோடு பிணைத்து வைக்கிறது என்று வாதிட்டார்.

இதன் எதிர்த்திசையிலும் ஒரு வினா உண்டு. பொருள் முன்னே நிற்கிறது. அதன் பெயர் தெரியவில்லை. அதைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, அவர் சொல்வதை எதைக் கொண்டு நம்புவது? சென்ற வழியிலேயே திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றுவதாலோ, மனிதராயின் அவரையே கேட்டுக்கொள்ளலாம் என்பதாலோ, இது தனியொரு சிக்கலாக அதிகம் ஆராயப்படவில்லை. இதைத் தள்ளிவைக்க முடியாத நிலைக்கு வந்தவர்கள் தத்துவவாதிகள் அல்லர். மின்னஞ்சல் சர்வர்களை நடத்துவோர். முன்பின் அறியாத இயந்திரங்கள் இரவும் பகலும் வந்து, தங்கள் பெயரைத் தாங்களே சொல்லி, கடிதங்களை ஏற்கச் சொல்லும் இடம் அது. அங்கே உருவான ரிவர்ஸ் டிஎன்எஸ் என்னும் ஏற்பாட்டையும், குறிப்பாகப் பல டொமைன்களின் அஞ்சலை ஒரே சர்வர் அனுப்பும்போது அதை அமைக்கும் முறையையும் உற்று நோக்கினால், பெயர் என்பது பொருளைப் பற்றிய உண்மையா, பொருளுக்காகப் பதில் சொல்ல ஒருவர் முன்வந்ததன் அடையாளமா என்னும் கேள்விக்கு ஒரு விடை அதில் பொதிந்திருப்பது தெரியும்.

டிஎன்எஸ் என்பது இணையத்தின் பெயர்ப் பதிவு முறை. தொடக்கத்தில் ஆர்பாநெட் வலைப்பின்னலில் இருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஓரிடத்தில் பராமரிக்கப்பட்டு, எல்லோராலும் படியெடுத்துக்கொள்ளப்பட்டன. கணினிகள் பெருகியபோது அந்தக் கோப்பு தாங்கவில்லை. அதற்கு மாற்றாகப் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்த முறை, 1987இல் ஆர்எஃப்சி 1034, 1035 என்னும் ஆவணங்களில் இன்றைய வடிவம் பெற்றது. ஆர்எஃப்சி என்பவை இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் எண்ணிட்ட ஆவணங்கள். பெயர்கள் அனைத்தையும் ஒருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பானவர் யார் என்று மேலே இருப்பவர் அறிந்திருந்தால் போதும் என்பதே அதன் அடிப்படை. காம், இந்தியா போன்ற இறுதிப் பகுதியை நிர்வகிப்பவர், அதற்கு முன்னுள்ள பெயரை வாங்கியவரைக் காட்டுவார். வாங்கியவர், அப்பெயருக்கு உட்பட்ட ஒவ்வொரு கணினியின் எண் முகவரியையும் சொல்வார். கிரிப்கியின் சங்கிலி வரலாற்றில் கரைந்துபோன ஒன்று. எந்தப் பெயருக்கும் அதை முழுதாக எடுத்துக்காட்ட இயலாது. டிஎன்எஸ்ஸின் சங்கிலியையோ, ஒவ்வொரு கண்ணியாகக் கேட்டு, விடை பெற்று, முதல் வரை ஏறிச் செல்ல முடியும். பெயரிடுதலைப் பற்றிய தத்துவக் கொள்கை ஒன்று இத்தனை வெளிப்படையாகச் செயல்வடிவம் பெற்ற வேறோர் இடத்தைக் காண்பது அரிது.

எண்ணிலிருந்து பெயருக்குச் செல்லும் வழி இந்தச் சங்கிலியில் தானாக அமைந்துவிடுவதில்லை. ஒரு பெயருக்கு இன்ன எண் என்ற பதிவு அப்பெயருக்கு உரியவரின் ஏட்டில் இருக்கிறது. எண்ணை மட்டும் வைத்திருப்பவருக்கு எந்த ஏட்டைத் திறப்பது என்றே தெரியாது. உலகில் உள்ள எல்லா ஏடுகளையும் புரட்டினால் விடை கிடைக்கலாம், ஆனால் அது ஒரு வழியாகாது. எனவே எண்களுக்கென்றே பெயர் வடிவில் தனியொரு பகுதி அமைக்கப்பட்டது. அதன் பெயர் இன்-ஆடர்.ஆர்பா. விளக்க எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ள எண்களில் ஒன்றான 192.0.2.25 என்பதன் பெயரை அறிய விரும்புபவர், அதைத் தலைகீழாக்கி, 25.2.0.192.இன்-ஆடர்.ஆர்பா என்ற பெயருக்குரிய பதிவைக் கேட்கிறார். தலைகீழாக்குவதற்குக் காரணம் உண்டு. எண் முகவரியில் பெரும் பகுதி இடப்பக்கமும் அதன் உட்பிரிவு வலப்பக்கமும் நிற்கும். டொமைன் பெயரில் அது மாறி நிற்கும். பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும் அதே இயந்திரம் எண்களுக்கும் பயன்பட வேண்டுமாயின் ஒன்றைத் திருப்பியாக வேண்டும். இவ்வாறு கேட்கும்போது கிடைக்கும் பதிவுக்குப் பிடிஆர் என்று பெயர்; சுட்டி என்பதே அதன் கருத்து.

இந்தப் பதிவை எழுதும் உரிமை யாருடையது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெயரை விலைகொடுத்துப் பதிவு செய்தவருக்கு அந்த உரிமை இல்லை. எண்கள் ஐயானா என்னும் உலக ஒதுக்கீட்டு அமைப்பிலிருந்து ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கும், ஆசிய பசிபிக் மண்டலத்தில் ஏப்னிக் அமைப்பு வழியாக இணைய நிறுவனங்களுக்கும், அவற்றிடமிருந்து சர்வரை வாடகைக்கு எடுப்பவருக்கும் வருகின்றன. தலைகீழ்ப் பெயருக்கான பொறுப்பும் அதே வழியில் இறங்குகிறது. 256 எண்களுக்குக் குறைந்த தொகுதிகளை வாடிக்கையாளருக்குப் பிரித்துக்கொடுக்க 1998இல் ஆர்எஃப்சி 2317 ஒரு சுற்றுவழியைக் காட்டியது என்றாலும், நடைமுறையில் ஒற்றை எண்ணைப் பெற்றவர் அதற்குப் பெயர் வேண்டுமாயின், எண்ணின் உடைமையாளரான தரவு மையத்தையோ இணைய நிறுவனத்தையோ கேட்டுத்தான் பெற வேண்டும். வீட்டு மனையின் பட்டா ஒருவரிடமும் வீட்டுக்கு வைத்த பெயர் இன்னொருவரிடமும் இருப்பதைப் போன்ற நிலை இது. பெயரிலிருந்து பொருளுக்குச் செல்லும் பாதையும் பொருளிலிருந்து பெயருக்கு வரும் பாதையும் ஒரே பாதையின் இரு திசைகள் அல்ல. வெவ்வேறு உடைமையாளர்களின் நிலத்தில் போடப்பட்ட இரு பாதைகள். தத்துவ நூல்கள் இதைக் கவனிக்காமல் போனதற்கு, மனிதப் பெயர்களில் இவ்விரு உரிமைகளும் ஒரே சமூகத்தின் கையில் கலந்து கிடப்பதே காரணமாகலாம்.

அறிவைத் தரும் கருவிகளை அளவை என்று தமிழ்ச் சாத்திரங்கள் வழங்குகின்றன. பலவாகச் சொல்லப்படும் அளவைகளைச் சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது: நேரே அறிவது, அடையாளம் கொண்டு உய்த்துணர்வது, நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது. அஞ்சலைப் பெறும் சர்வரின் நிலையை இம்மூன்றின் வழி பார்க்கலாம். அதற்குக் காண்டலால் தெரிவது ஒன்றே ஒன்று, எதிரே இருப்பவரின் எண் முகவரி. இரு கணினிகளும் பேசத் தொடங்குமுன் ஒன்று அனுப்பிய குறிக்கு மற்றது விடையளித்தாக வேண்டும் என்பதால், பொய்யான எண்ணைக் காட்டுபவருக்கு அந்த விடைக்குரிய குறி போய்ச் சேராது. உரையாடல் தொடங்கவே தொடங்காது. எண் தெரிந்த பிறகு வருவதெல்லாம் உரை. அஞ்சல் பரிமாற்ற நெறியான எஸ்எம்டிபியில் வந்தவர் முதலில் ஹெலோ அல்லது எஹ்லோ என்னும் கட்டளையோடு தம் பெயரைச் சொல்கிறார். அதில் எந்தப் பெயரையும் சொல்லலாம். தடுக்க ஒருவரும் இல்லை. தன்னைப் பற்றித் தானே சொல்லும் சொல்லுக்கு அளவையியலில் இருக்கும் மதிப்பு இதற்கும் உண்டு, அதற்கு மேல் இல்லை.

இங்கு பழைய வாதம் ஒன்று உயிர் பெறுகிறது. ஓர் அறிவு தோன்றும்போதே சான்றுடையதாகத் தோன்றுகிறது, அதைப் பொய்ப்பிக்க வேறொன்று வரும் வரை அது மெய்யே என்பது குமாரிலரைப் பின்பற்றிய மீமாம்சகர் நிலை. இதைச் சுவதப் பிராமாணியம் என்பர். அறிவு தன் மெய்ம்மைக்குத் தானே சான்றாகாது, புறத்திலிருந்து சோதித்தே அதை மெய் எனக் கொள்ள வேண்டும் என்பது நியாய மரபின் நிலை. அது பரதப் பிராமாணியம். 1982இல் ஜொனாதன் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி ஆவணம் தோன்றிய காலத்தில் இணையம் மீமாம்சகரின் உலகமாக இருந்தது. வந்தவர் சொன்ன பெயர், மறுக்கப்படும் வரை, அவர் பெயரே. வேண்டாத விளம்பர அஞ்சல் பெருகியபின் அது நியாய மரபினரின் உலகமாயிற்று. மாற்றத்துக்குக் காரணம் வாதத்தில் ஒரு பக்கம் வென்றதல்ல, பொய் சொல்வதற்கான செலவு குறைந்துபோனதுதான் என்பது கவனிக்கத்தக்கது. எவ்வளவு சந்தேகம் நியாயமானது என்பதை அறிவின் இயல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அறிவிப்பவர் வாழும் ஊரும் தீர்மானிக்கிறது.

புறச் சோதனை என்ற வகையில் பிடிஆர் பதிவு மட்டும் போதுமா என்றால், போதாது. எண்ணின் உடைமையாளர் தம் ஏட்டில் எந்தப் பெயரையும் எழுதலாம், பிறருடைய பெயரையும் எழுதலாம். யூனிக்ஸ் கணினிகள் சில, வந்தவரின் எண்ணுக்குரிய தலைகீழ்ப் பெயரைப் பார்த்து, அது நம்பத்தக்க கணினியின் பெயராக இருந்தால் கடவுச்சொல் கேளாமலே உள்ளே விட்ட காலம் ஒன்று இருந்தது. தம் பொறுப்பிலுள்ள தலைகீழ் ஏட்டில் அந்த நம்பத்தக்க பெயரை எழுதிவைத்தால் எவரும் நுழையலாம் என்பதை ஸ்டீவன் பெல்லோவின் 1990இல் ஒரு கட்டுரையாக எழுதி, அதன் அபாயம் கருதி வெளியிடாமல் வைத்திருந்து, 1995இல்தான் வெளியிட்டார். இதற்கான மருந்து எளிது. எண் எந்தப் பெயரைச் சொல்கிறதோ, அந்தப் பெயரின் உரியவரிடம் திரும்பிச் சென்று, உம்முடைய இந்தப் பெயருக்கு எண் என்ன என்று கேட்க வேண்டும். அவரும் அதே எண்ணைச் சொன்னால் இரு பாதைகளும் ஓரிடத்தில் கூடுகின்றன. இதையே முன்வழி உறுதி செய்யப்பட்ட ரிவர்ஸ் டிஎன்எஸ் என்பர்.

இது சுற்றுவாதம் அன்றோ என்ற ஐயம் எழலாம்; எண் பெயரைக் காட்ட, பெயர் எண்ணைக் காட்ட, ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அன்னியோன்னியாசிரயம் என்னும் குற்றமாகத் தருக்க நூல்கள் சொல்லும். ஒரே வாய் இரு முறை பேசினால் அது குற்றம்தான். இங்கே பேசுவன இரு வாய்கள். எண்ணின் உடைமையாளர், இவ்வெண்ணை இப்பெயருக்கு உரியவரிடம் கொடுத்திருக்கிறேன் என்கிறார். பெயரின் உடைமையாளர், இவ்வெண்ணில் இருப்பது என் கணினியே என்கிறார். ஒருவர் மற்றவர் ஏட்டில் எழுத முடியாது என்ற ஒரே காரணத்தால் இந்த உடன்பாட்டுக்கு மதிப்பு உண்டாகிறது. நம்பத்தக்கவர் யார் என்பதற்கு வாத்ஸ்யாயனர் தம் நியாய பாஷ்யத்தில் தரும் விளக்கம் இவ்விடத்தில் பொருந்தும்: பொருளை நேரே அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புபவரே ஆப்தர், இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே. குலமோ புகழோ ஒருவரை ஆப்தராக்குவதில்லை. எண்ணை வாடகைக்கு விட்டவர் எல்லா விஷயத்திலும் நல்லவராக இருக்க வேண்டியதில்லை; யாருக்கு விட்டோம் என்ற ஒன்றை அவர் நேரே அறிவார், அந்த ஒன்றில் மட்டும் அவர் ஆப்தர்.

சான்றுக்குச் சான்று தேடினால் முடிவு எங்கே என்பதே பரதப் பிராமாணியத்தின் மீது மீமாம்சகர் வைத்த பெரிய குற்றச்சாட்டு. முடிவில்லாமல் பின்னேறிச் செல்லும் இக்குற்றத்தை அனவஸ்தை என்பர். டிஎன்எஸ்ஸில் பின்னேறிச் சென்றால் வேர் சர்வர்கள் வரும். அவற்றின் பெயர்கள் பதின்மூன்று. அவற்றின் எண்கள், பெயர் தேடும் மென்பொருளோடு சேர்த்தே சிறு கோப்பாக வழங்கப்படுகின்றன. அந்தக் கோப்பை எவரும் கேள்வி கேட்பதில்லை. 2010 ஜூலையில் வேருக்கு டிஜிட்டல் கையொப்பம் இடப்பட்டபோதும், அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி வெளியிலிருந்து அப்படியே ஏற்கப்பட்டது. இதைக் குருட்டு நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சந்தேகிப்பவரின் சொந்தச் செயலே சந்தேகத்தை மறுக்கும் இடம் வரைதான் சந்தேகம் செல்லும் என்று உதயணர் நியாய குசுமாஞ்சலியில் வகுத்த எல்லை இதற்கும் பொருந்தும். வேரை நம்பாதவர் வேறெந்தப் பெயரையும் தேட இயலாது. தேடிக்கொண்டே வேரை ஐயுறுபவர் தம் செயலோடு தாமே முரண்படுகிறார்.

இனிப் பல டொமைன்களின் சிக்கல். ஒரு சிறு நிறுவனம் நாற்பது வாடிக்கையாளர்களின் அஞ்சலை ஒரே எண்ணுள்ள ஒரே சர்வரில் வைத்து நடத்துகிறது என்று கொள்வோம். ஜவுளிக் கடையின் அஞ்சலும், பள்ளியின் அஞ்சலும், பதிப்பகத்தின் அஞ்சலும் அங்கிருந்தே வெளியேறுகின்றன. அதை நிர்வகிப்பவருக்கு இயல்பாக எழும் எண்ணம், நாற்பது பெயர்களையும் அந்த எண்ணின் பிடிஆர் பதிவுகளாக எழுத வேண்டும், இல்லையேல் பள்ளியின் கடிதம் பள்ளியிலிருந்து வந்ததாக ஏற்கப்படாது என்பது. இணையத் தளங்களில் பழகிய பழக்கம் இந்த எண்ணத்துக்கு வலுவூட்டுகிறது. அங்கே ஒரே எண்ணில் நூறு தளங்கள் இயங்குகின்றன. ஆனால் அங்கே வருகிறவர் தாம் தேடும் பெயரைத் தாமே கொண்டுவருகிறார். அஞ்சல் அனுப்பும்போது எதிரே இருப்பவர் எந்தப் பெயரையும் தேடி வரவில்லை. வந்து நிற்பவரைப் பார்த்து, நீ யார் என்று ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்.

ஓர் எண்ணுக்குப் பல பிடிஆர் பதிவுகள் இருப்பதை நெறிமுறை தடுக்கவில்லை. ஒன்றுதான் இருக்க வேண்டும் என்ற பரவலான எண்ணம் தவறானது என்று 1997இல் ஆர்எஃப்சி 2181 வெளிப்படையாகவே கூறியது. அனுமதிக்கப்பட்டது என்பதால் அது பொருத்தமாகிவிடாது. பல பதிவுகள் இருந்தால் அவை வரிசையற்ற தொகுதியாகவே கிடைக்கும். கேட்பவர் அதில் எதை எடுப்பார் என்பது அவர் மென்பொருளைப் பொறுத்தது. இன்று ஜவுளிக் கடையின் பெயரையும் நாளை பள்ளியின் பெயரையும் எடுக்கலாம். விடை நீண்டு, தொடக்கத்தில் வகுக்கப்பட்ட 512 பைட் எல்லையைத் தாண்டினால், துண்டிக்கப்பட்டு மீண்டும் வேறு வழியில் கேட்கப்பட வேண்டியதாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எஹ்லோ கட்டளையில் ஒரு பெயரைத்தான் சொல்ல முடியும். நாற்பது பெயர் கொண்டவரும் வாய் திறக்கும்போது ஒன்றைத்தான் சொல்கிறார்.

ஆகவே சரியான அமைப்பு, நாற்பதில் எதையும் சேராத, சர்வருக்கே உரிய ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. நடத்தும் நிறுவனத்தின் டொமைனுக்குள் மெயில் என்று தொடங்கும் ஒரு பெயர் பெரும்பாலும் போதும். அப்பெயரின் ஏட்டில் எண் எழுதப்படுகிறது. எண்ணின் உடைமையாளரைக் கேட்டு, எண்ணின் ஏட்டில் அதே பெயர் எழுதப்படுகிறது. சர்வரின் மென்பொருளிலும், அது போஸ்ட்ஃபிக்ஸ் ஆயினும் வேறெதுவாயினும், எஹ்லோவில் சொல்லும் பெயராக அதுவே வைக்கப்படுகிறது. நாற்பது டொமைன்களும் தமக்கு வரும் அஞ்சலை ஏற்கும் சர்வர் எது என்று காட்டும் எம்எக்ஸ் பதிவில் அந்த ஒரு பெயரையே குறிக்கின்றன. பிடிஆரில் அவற்றின் பெயர் வர வேண்டிய தேவை எங்குமே இல்லை. அவற்றின் உரிமை வேறு பதிவுகளால் நிலைநாட்டப்படுகிறது: என் பெயரில் அஞ்சல் அனுப்ப இந்த எண்ணுக்கு அனுமதி உண்டு என்று டொமைனின் உரியவர் தம் ஏட்டில் எழுதுவது எஸ்பிஎஃப், கடிதத்திலேயே அந்த டொமைனின் சாவியால் கையொப்பமிடுவது டிகிம், இவை கடிதத்தில் தெரியும் அனுப்புநர் பெயரோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். கடிதத்தைச் சுமப்பவர் யார் என்பதும் கடிதத்தை எழுதியவர் யார் என்பதும் இரு வினாக்கள். நாற்பது பிடிஆர் எழுத நினைத்தவர் முதல் வினாவுக்கு இரண்டாவதன் விடையை எழுதப் பார்த்தார்.

ஒரு பொருள், பல பெயர் என்றதும் சமயச் சிந்தனையில் ஊறியவருக்கு நினைவில் வருவது இறைவனின் ஆயிரம் பெயர்கள். மகாபாரதத்தின் அனுசாசன பர்வத்தில் உள்ள விஷ்ணு சகஸ்ரநாமத்தில் ஒவ்வொரு பெயரும் அதே ஒருவனைச் சென்று சேர்கிறது, எந்தப் பெயரும் மற்றொன்றுக்குப் பொய்யாகாது. இந்த ஒப்புமை அழகானது. இருந்தும் இங்கு வழிதவறச் செய்வது. ஆயிரம் பெயர்களும் அழைப்பவரிடமிருந்து எழுந்து அழைக்கப்படுபவனை நோக்கிச் செல்கின்றன. அவை முன்வழிப் பெயர்கள், அவை எத்தனை இருந்தாலும் இடரில்லை. நாற்பது டொமைன்களும் ஒரே எண்ணைக் காட்டுவது அவ்வகைதான், அதை எவரும் குறை சொல்வதில்லை. திரும்பும் வழியில் கேட்கப்படுவது வேறு. அங்கே பக்தி பேசவில்லை, வாசலில் நிற்கும் காவல் பேசுகிறது. பெயர்களின் பன்மையைப் போற்றும் மரபையும் பெயரின் ஒருமையைக் கேட்கும் நெறியையும் முரணாகக் காண்பவர்கள், இரு பாதைகளை ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள்.

இவ்வாறு உறுதி செய்யப்பட்ட பெயர் எதைச் சொல்கிறது? வந்தவர் நல்லவர் என்று அது சொல்லவில்லை. வேண்டாத அஞ்சல் அனுப்புவோரும் இரு பாதைகளையும் குறையின்றி அமைத்துக்கொள்ள முடியும், அமைத்துக்கொள்கிறார்கள். வந்தவரின் இயல்பையும் அது உணர்த்தவில்லை. இவ்வகையில் மில் சொன்னது இங்கும் உண்மை. அது நிறுவுவது, இந்த எண்ணிலிருந்து நடப்பவற்றுக்குக் கேள்வி கேட்கப்படத்தக்க இருவர் இருக்கிறார்கள், அவர்கள் ஒருவரையொருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டுமே. பொருளைப் பற்றிய உண்மையை அன்று, பொருளுக்கான பொறுப்பையே இந்தப் பெயர் காட்டுகிறது. வீட்டு இணைப்புகளுக்கு இணைய நிறுவனங்கள் இயந்திர முறையில் எண்ணையே கோத்து வைக்கும் பெயர்கள் அஞ்சல் சர்வர்களால் ஐயத்தோடு பார்க்கப்படுவதன் காரணமும் இதுவே: அங்கே பெயர் இருக்கிறது, அந்தப் பெயரை ஏற்றவர் என்று தனியே ஒருவர் இல்லை.

பெயரற்றவரைத் திருப்பியனுப்புவது நீதியா என்பது இதிலிருந்து கிளைக்கும் அறவியல் வினா. எஹ்லோவில் சொன்ன பெயர் எண்ணோடு பொருந்துகிறதா என்று சோதிக்கலாம், ஆனால் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் அஞ்சலை மறுக்கலாகாது என்று 2008இன் ஆர்எஃப்சி 5321 விதிக்கிறது. எண்ணுக்குப் பெயரே இல்லாதவரை மறுக்கும் வசதியும், இரு வழியும் பொருந்தாதவரை மறுக்கும் கடுமையான வசதியும் போஸ்ட்ஃபிக்ஸில் தனித்தனியே இருக்கின்றன. பலர் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். ஜிமெயில், 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளில், தன் பயனர்களுக்கு அஞ்சல் அனுப்பும் எண்கள் அனைத்துக்கும் முன்வழியும் பின்வழியும் பொருந்திய பதிவு இருக்க வேண்டும் என்கிறது. நூல் ஒன்று சொல்ல, ஊர் வேறொன்று செய்கிறது. ஊரின் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் இதன் சுமை சமமாக விழுவதில்லை. எண்களைச் சொந்தமாக வைத்திருக்கும் பெருநிறுவனம் இரு ஏடுகளையும் தானே எழுதிக்கொள்கிறது. அப்போது இரு வாய்கள் என்று முன்பு சொன்ன வலிமை அங்கே இல்லாமலே போகிறது, இருந்தும் அது ஏற்கப்படுகிறது. வாடகைக்கு ஓர் எண் எடுத்தவர், பிடிஆர் எழுத மறுக்கும் உடைமையாளரிடம் சிக்கினால், குற்றமற்றவராயினும் பேச்சிழக்கிறார்.

இதனினும் கடினமானது எண்ணோடு ஒட்டிவரும் வினை. தீய அஞ்சல் அனுப்பிய எண்கள் தடைப்பட்டியல்களில் ஏறுகின்றன. அனுப்பியவர் எண்ணை விட்டுவிட்டு வேறிடம் போகிறார். அதே எண் அடுத்த வாடகைதாரருக்கு வருகிறது, பழைய பழியும் கூடவே வருகிறது. வினைக் கொள்கையை விவாதித்த இந்தியத் தத்துவ மரபுகள் இரு குற்றங்களை எதிராளி மீது சுமத்துவது வழக்கம்: செய்த வினை பயன் தராமல் அழிவது கிருதநாசம், செய்யாத வினையின் பயன் வந்து சேர்வது அகிருதாப்யாகமம். நிலைத்த ஆன்மாவை மறுக்கும் பௌத்தருக்கு இவ்விரு குற்றங்களும் தவிர்க்க முடியாதவை என்று வைதிக மரபினர் வாதிட்டனர். பௌத்தரோ, செய்தவனும் நுகர்பவனும் ஒரே தொடர்ச்சியில் அடங்கினால் போதும், நிலைத்த ஒருவன் தேவையில்லை என்றனர். மிலிந்த மன்னனின் கேள்விக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் தம் பெயர் வெறும் வழக்கே என்று விடை சொன்னதும் இந்த மரபில்தான். எண்ணின் மேல் பழியை வைக்கும் முறையில் இவ்விரு குற்றங்களும் வாதத்துக்காக அன்று, உண்மையிலேயே நாள்தோறும் நிகழ்கின்றன. எண் வெறும் இருப்பிடம்; வினையைச் சுமக்கும் தொடர்ச்சி அதில் இல்லை. நன்மதிப்பையும் பழியையும் எண்ணிலிருந்து மெல்ல விலக்கி, டிகிம் கையொப்பமிடும் டொமைன் பெயரின் மேல் வைக்க அஞ்சல் நிறுவனங்கள் முற்படுவதை இந்தக் கோணத்திலும் புரிந்துகொள்ளலாம்: பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், எண்ணைப் போல் அது அறியாத அடுத்தவர் கையில் எளிதில் போய்ச் சேர்வதில்லை.

ஐபிவி6 என்னும் புதிய எண் முறையில் இந்த வினா இன்னொரு வடிவம் கொள்கிறது. அதில் ஒரு முகவரியைத் தலைகீழ்ப் பெயராக்க 32 பதினாறடி இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, திருப்பி எழுதி, ஐபி6.ஆர்பா என்று முடிக்க வேண்டும்; ஒரு வீட்டுக்கு வழங்கப்படும் மிகச் சிறிய தொகுதியிலேயே இரண்டின் 64ஆம் அடுக்கு அளவுக்கு முகவரிகள் இருப்பதால், பழைய முறையில் செய்ததுபோல் எல்லா எண்ணுக்கும் முன்கூட்டியே ஒரு பெயரை எழுதிவைப்பது எந்த ஏட்டுக்கும் இயலாது. பெயரின்மை அங்கே குறைபாடாக இல்லாமல் இயல்பு நிலையாகிவிடுகிறது. இருந்தும் அஞ்சல் அனுப்பும் முகவரிக்குப் பிடிஆர் வேண்டும் என்ற நிபந்தனையை அம்முறையில் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் தளர்த்தவில்லை. இயந்திரம் நிரப்பிய பெயர்கள் பெரும்பாலும் இல்லாத வெளியில், ஒரு முகவரிக்கு எதிரே பெயர் எழுதப்பட்டிருந்தால், எவரோ ஒருவர் அந்த ஒரு முகவரியைத் தெரிந்தெடுத்து எழுதினார் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். முகவரியை வாங்கும் நாளிலேயே சர்வரின் அந்த ஒற்றைப் பெயரை முடிவு செய்து, இரு ஏடுகளிலும் அதை எழுதச் செய்துவிட்டு, அதன் பிறகு எத்தனை டொமைன்களை வேண்டுமானாலும் அந்தச் சர்வரில் ஏற்றுவதே அங்கும் முறை.